தேயிலைத் தோட்டத்தில் உருண்ட முட்டைப் பந்து... இலங்கை ரக்பி யூனியனின் கதை!

2025 ஜூன் மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வத்திராயிருப்பு பக்கத்தில் இருக்கும் கூமாப்பட்டியின் பெயர் இன்ஸ்டாகிராமில் தமிழ்நாடு முழுக்க ஓடிய மாதம் அது. பக்கத்து ஊரான கான்சாபுரம், அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று அந்த வட்டாரமே திடீரென எல்லோர் வாயிலும் அடிபட்டது.

அதே மாதம் மும்பையில் இன்னொரு விஷயமும் நடந்தது. நம்மில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை. ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் சீசன் இறுதிப் போட்டியில் 'சென்னை புல்ஸ்' அணி, 'டெல்லி ரெட்ஸ்' அணியை 41-0 என்று அடித்துத் துவைத்துக் கோப்பையை வென்றது. கிரிக்கெட்டில் சென்னை ஜெயித்தால் தெருவெல்லாம் வெடி வெடிக்கும். ரக்பியில் ஜெயித்ததற்கு ஊரில் ஒரு சத்தமும் இல்லை.

காரணம் எளிது. நமக்கு ரக்பி தெரியாது. ஆனால், ராமேஸ்வரத்திலிருந்து கடலைத் தாண்டினால் இருக்கும் இலங்கையில் பள்ளிப் பையன்கள் ஆடும் ரக்பிக்கே கூட்டம் அலைமோதுகிறது. ஒரே வெள்ளைக்காரர்கள்தான் இரண்டு இடத்துக்கும் இந்த விளையாட்டைக் கொண்டு வந்தார்கள். அங்கே வேர் பிடித்தது. இங்கே ஏன் பிடிக்கவில்லை? அந்தக் கதையைத் தேடிப் போனால் வழியில் கப்பல்கள், தேயிலைத் தோட்டங்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நம்ம ஊர்ப் பக்கத்து மக்கள் எல்லோருமே வருகிறார்கள்!

கபடி தெரியுமா? அப்போ பாதி ரக்பி தெரியும்!

முதலில் விளையாட்டைப் புரிந்துகொள்வோம். ரக்பி பந்து உருண்டையாக இருக்காது. முட்டை மாதிரி நீள்வட்டமாக இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால், கையால் முன்பக்கம் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்பக்கமோதான் தட்டிவிட வேண்டும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால், அதற்குப் பெயர் 'ட்ரை'. 5 பாயின்ட்.

பந்தோடு ஓடி வருகிறவரை எதிரணி சும்மா விடாது. இடுப்பையும் காலையும் கவ்விப் பிடித்துத் தரையில் சாய்ப்பார்கள். கபடியில் ரெய்டு வருகிறவரை மடக்கிப் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த கான்சாபுரத்துப் பையனுக்கு இது ஒன்றும் புதிதல்ல. ரக்பியின் முழு வடிவத்தில் அணிக்கு 15 பேர். ஒலிம்பிக்கில் ஆடப்படும் 'செவன்ஸ்' வடிவத்தில் 7 பேர், ஆட்டம் மொத்தமே 14 நிமிடம்தான். கபடியிலும் களத்தில் 7 பேர்தானே!

இங்கிலாந்தில் ரக்பி என்ற ஊரில் இருக்கும் பள்ளியில் பிறந்ததால் விளையாட்டுக்கும் அதே பெயர். 1871-ல் இங்கிலாந்தில் இதற்கென ஒரு யூனியன் உருவானது. அடுத்த ஆண்டே பந்து இந்தியாவுக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்காசை உருக்கிச் செய்த கோப்பை

1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் ஒரு ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள், மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள். அணிக்கு 20 பேர். உற்சாகம் தாங்காமல் 1873 ஜனவரியிலேயே 'கல்கத்தா ஃபுட்பால் கிளப்' தொடங்கிவிட்டார்கள். 1874-ல் இங்கிலாந்து யூனியனிலும் சேர்ந்தார்கள்.

ஆனால், நான்கைந்து வருடத்தில் கிளப் படுத்துவிட்டது. கிளப்பில் இலவசமாகக் கிடைத்த மதுவை நிறுத்தியதும் ஆள் குறைந்தது. நன்றாக ஆடிய ராணுவப் படைப்பிரிவு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனது. மிச்சம் இருந்தவர்கள் போலோ, டென்னிஸ் பக்கம் சாய்ந்தார்கள். கல்கத்தா வெயிலில் ரக்பி ஆடுவதைவிட அது சுகமாக இருந்திருக்கும்!

கிளப்பை மூடும்போது வங்கிக் கணக்கில் பணம் இருந்தது. அதை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். மூன்று கைப்பிடிகளும் படம் எடுத்த நாகப்பாம்புகள். மூடியின் மேல் ஒரு யானை. 1878-ல் அதை இங்கிலாந்து யூனியனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். 1879 முதல் இன்றுவரை இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் 'கல்கத்தா கோப்பை' அதுதான். 1988-ல் ஜெயித்த, தோற்ற இரு அணிகளின் வீரர்கள் இருவர் சேர்ந்து எடின்பரோ தெருவில் அதையே பந்தாக உதைத்து நசுக்கியது தனிக்கதை.

யோசித்துப் பாருங்கள். இந்தியாவின் முதல் ரக்பி கிளப் விட்டுச் சென்றது ஒரு கோப்பையை மட்டும்தான். அதுவும் லண்டன் போய்விட்டது. வங்காளத்துப் பையன் ஒருவன் கையிலும் அது பந்தைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

பிறகு கல்கத்தாவில் ஆட்டம் மறுபடி தலைதூக்கியது. சென்னையிலும் 1884-ல் தொடங்கிய ஜிம்கானா கிளப் வழியாக ரக்பி நடந்தது. 1924-ல் அகில இந்தியப் போட்டியும் பிறந்தது. ஆனால், ஆடியவர்கள் யார்? பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள், வியாபாரிகள், ராணுவத்தினர். சென்னை மக்களுக்கு அது வேலிக்கு அந்தப் பக்கம் நடக்கும் ஆட்டம்.

கப்பல் நின்ற துறைமுகம்

இப்போது இலங்கைக்குப் போவோம். அங்கேயும் தொடக்கம் இதேபோலத்தான். 1879-ல் 'கொழும்பு ஃபுட்பால் கிளப்' உருவானது. ஆடியவர்கள் வெள்ளைக்காரர்கள்.

ஆனால், கொழும்புக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. இங்கிலாந்திலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிற கப்பல்கள் கொழும்பில் நின்று நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு போகும். அந்தக் கப்பல்களில் விளையாட்டு அணிகளும் போகும். வாரக்கணக்கில் கடலில் ஆடி அலுத்த வீரர்களுக்குக் கரையில் ஒரு ஆட்டம் கிடைத்தால் சந்தோஷம்தானே!

அப்படித்தான் 1907-ல் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த நியூசிலாந்து அணி ஒன்று கொழும்பில் இறங்கி இலங்கை அணியோடு மோதியது. உலகத் தரமான ஆட்டம், ஊர் வாசலுக்கே வந்து நின்றது.

மறு ஆண்டே, 1908 ஆகஸ்ட் 10-ம் தேதி, 'சிலோன் ரக்பி ஃபுட்பால் யூனியன்' தொடங்கப்பட்டது. ஒரு சின்னத் தீவின் சின்ன யூனியன். இன்றைய ஸ்ரீலங்கா ரக்பியின் தாய் அமைப்பு இதுதான்.

துரைமார் ஆடினார்கள்... நம்மவர்கள்?

அந்த யூனியனுக்குச் சோறு போட்டது கொழும்பு மட்டுமல்ல, மலையகமும்தான். காப்பித் தோட்டங்கள் நோயில் அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்த காலம். தோட்டங்களை நடத்த இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் இளம் துரைமார் வந்து இறங்கினார்கள். பலர் பள்ளியிலேயே ரக்பி ஆடியவர்கள். மலையில் ஆளரவம் இல்லாத தோட்டத்தில் வாரம் முழுக்கத் தனியாக இருப்பவர்களுக்கு வாரக்கடைசி ஆட்டம்தான் ஒரே பொழுதுபோக்கு.

திம்புள்ள, டிக்கோயா, ஊவா, களனிவெளி என்று தேயிலை மாவட்டங்களின் பெயரிலேயே கிளப்கள் எழுந்தன. டிக்கோயா அணிக்கு டரவெல்லா மைதானம், திம்புள்ளவுக்கு ரதெல்லா மைதானம். சுற்றிலும் பச்சைப் பசேலென்று தேயிலைச் சரிவு, நடுவில் சமதரையாக ஒரு மைதானம். பார்க்க அவ்வளவு அழகு.

அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்கள் யார்? பழைய ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகளோடு போன தமிழர்கள். 1985-ல் புதிய மாவட்டம் பிரியும்வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அந்தப் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. 'சிலோன் தாத்தா', 'சிலோன் பெரியம்மா' என்ற பேச்சு தென்மாவட்டங்களில் பல வீடுகளில் இன்றும் உண்டு.

இவர்களின் நாள், விடிவதற்கு முன் பெரட்டில் பெயர் கொடுப்பதில் தொடங்கும். லயத்து அறையில் முடியும். தோட்டத்தின் லாபத்தில் மைதானத்துப் புல் வளர்ந்தது. அந்த லாபம் இவர்கள் பறித்த கொழுந்தில் வந்தது. ஆனால், அந்தப் புல்லில் பந்தோடு ஓட இவர்கள் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. துரைமார் கிளப்கள் துரைமாருக்கு மட்டும்தான்.

இதே நிலை நீடித்திருந்தால், கல்கத்தா கிளப்பின் கதிதான் இலங்கைக்கும் வந்திருக்கும். துரைமார் கப்பல் ஏறிய அன்றே ரக்பியும் கப்பல் ஏறியிருக்கும். அதைத் தடுத்தவர் ஒரு வாத்தியார்!

கண்டியில் ஒரு வாத்தியார்

லூயிஸ் எட்மண்ட் பிளேஸ். இலங்கையின் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். 1891-ல் கண்டியில் ஒரு சிறிய ஆண்கள் பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற கிங்ஸ்வுட் கல்லூரி அதுதான். தன் மாணவர்கள் கையில் முட்டைப் பந்தைக் கொடுத்தார் பிளேஸ். இலங்கைப் பள்ளி ரக்பியின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

1906-ல் கிங்ஸ்வுட்டும் அதே கண்டியின் டிரினிட்டி கல்லூரியும் மோதின. இரு பள்ளிகளுக்கு இடையே நடந்த முதல் ரக்பி ஆட்டம் அது. கவனியுங்கள், யூனியன் உருவாவதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே பள்ளிப் பிள்ளைகள் களத்துக்கு வந்துவிட்டார்கள்!

பள்ளியில் ஆடிய பையன் பெரியவனானதும் எங்கே ஆடுவான்? வெள்ளைக்காரர் கிளப்பில் இடம் இல்லை. அதற்கும் வழி பிறந்தது. 1922-ல் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்கென்று 'சிலோனீஸ் ரக்பி அண்ட் ஃபுட்பால் கிளப்' தொடங்கினார்கள். சுருக்கமாக சி.ஆர். கிளப். சிங்களவர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் என்று எல்லோரும் ஆடும் இடமாக ரக்பி மாறத் தொடங்கியது. துரைமார் அணிகளும் உள்ளூர் அணிகளும் ஒரே மைதானத்தில் மோதிய காலம் வந்தது.

1945-ல் இன்னொரு விதை விழுந்தது. கொழும்பு ராயல் கல்லூரியின் முதல்வராக இருந்த பிராட்பி, தன் பள்ளிக்கும் கண்டி டிரினிட்டிக்கும் நடக்கும் ஆட்டத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார். கொழும்பில் ஒரு ஆட்டம், கண்டியில் ஒரு ஆட்டம். இரண்டையும் சேர்த்து யார் அதிகப் பாயின்ட் எடுக்கிறார்களோ அவர்களுக்குக் கேடயம். 'பிராட்பி கேடயம்' என்றால் இன்றும் இரண்டு ஊரும் திருவிழாக் கோலம் பூணும். அப்பா ஆடிய ஆட்டம், அண்ணன் ஆடிய ஆட்டம், இப்போது தம்பி ஆடுகிறான் என்று குடும்பமே கிளம்பி வரும். நம்மூரில் ஜல்லிக்கட்டுக்குக் கிளம்புவது மாதிரி!

'சும்மா' ஓடவில்லை!

அந்தப் பள்ளிப் பாதையில் வந்தவர்களில் ஒரு தமிழர் பெயரை மறக்க முடியாது. சும்மா நவரத்தினம். ராயல் கல்லூரி மாணவர். 1950-களில் இலங்கையின் மின்னல் வேக ஓட்டக்காரர். அந்தக் கால்களோடு சி.ஆர். கிளப்புக்கும் இலங்கைக்கும் ரக்பி ஆடினார். பெயர்தான் சும்மா, களத்தில் அவரைத் துரத்திப் பிடிப்பது சும்மா வேலை இல்லை.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. 1950-ல் மறுபடி ஒரு கப்பல் கதை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பயணத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் லயன்ஸ் அணி கொழும்பில் ஆடியது. லயன்ஸ் என்றால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கிலும் பொறுக்கி எடுத்த வீரர்களின் அணி. 44-6 என்று இலங்கை தோற்றது. தோல்விதான். ஆனால், அப்பேர்ப்பட்ட அணிக்கு எதிராக நிற்க ஒரு குட்டி நாட்டிடம் அணி இருந்தது என்பதுதான் விஷயம்.

1968-ல் ஆசிய ரக்பி அமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய எட்டு நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1974-ல் கொழும்பிலேயே நடந்த ஆசியப் போட்டியில் இறுதி ஆட்டம்வரை வந்து ஜப்பானிடம் தோற்றது.

மைதானம் காலியான காலம்

இடையில் மலையகத்தில் காட்சி மாறியது. 1972, 1975 நிலச்சீர்திருத்தச் சட்டங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. துரைமார் மூட்டை கட்டினார்கள். திம்புள்ள, டிக்கோயா, ஊவா என்று ஒரு காலத்தில் மிரட்டிய கிளப்கள் ஒளி மங்கின.

அதே காலத்தில் இன்னொரு மூட்டையும் கட்டப்பட்டது. அது கண்ணீர் மூட்டை. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்றும் இரண்டு அரசுகளும் முடிவு செய்தன. மலையில் பிறந்து வளர்ந்தவர்கள், பார்த்தே இராத 'சொந்த ஊருக்கு' ராமேஸ்வரம் வழியாக வந்து இறங்கினார்கள். துரையும் போனார், தொழிலாளியும் போனார். துரைக்குப் போக ஒரு வீடு இருந்தது. இவர்களில் எத்தனையோ பேருக்கு அதுவும் இல்லை.

துரைமார் போன பிறகும் ரக்பி சாகவில்லை. ஏனென்றால், அது அதற்குள் பள்ளிக்கூட மைதானத்தில் குடியேறிவிட்டது. முதல் பள்ளி ஆட்டம் நடந்த அதே கண்டியின் விளையாட்டுக் கிளப், 1992-ல் தொடங்கி நாட்டின் கிளப் ரக்பியில் கொடிகட்டிப் பறந்தது. வருடா வருடம் பள்ளிகளிலிருந்து புது வீரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

குறையும் உண்டு. கொழும்பிலும் கண்டியிலும் இருக்கும் பெரிய பள்ளிகளில் வேர் பிடித்த அளவுக்கு யாழ்ப்பாணத்திலோ தோட்டத்துப் பள்ளிகளிலோ ரக்பி வேர் பிடிக்கவில்லை. பள்ளியைத் தொட்ட இடத்தில் விளையாட்டு பிழைத்தது. தொடாத இடத்துக்கு அது இன்னும் போகவில்லை.

நம்ம பக்கம் என்ன நிலவரம்?

இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு கல்கத்தா, பம்பாய், சென்னை கிளப்களிலும் ராணுவத்திலும் ரக்பி ஒட்டிக்கொண்டிருந்தது. தேசிய அணி என்று ஒன்று சர்வதேசப் போட்டியில் இறங்கியது 1998-ல்தான். இலங்கை அணி நியூசிலாந்துக்காரர்களோடு மோதி 91 ஆண்டுகள் ஆன பிறகு!

அந்த 1998 அணியில் ஆடியவர்களில் ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். 'விஸ்வரூபம்' படத்தில் கமலை மிரட்டிய ஓமர்... நடிகர் ராகுல் போஸ்! பிற்காலத்தில் இந்திய ரக்பி அமைப்பின் தலைவராகவும் ஆனார்.

மாற்றம் வந்ததும் பள்ளிகள் வழியாகத்தான். ஒடிசாவில் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனப் பள்ளியின் 14 வயதுக்கு உட்பட்டோர் அணி, 2007-ல் லண்டனில் நடந்த சர்வதேசப் பள்ளிப் போட்டியில் கோப்பையை வென்று வந்தது. பீகாரைச் சேர்ந்த ஓட்டக்காரி ஸ்வீட்டி குமாரி ரக்பிக்கு மாறி, 2019-ல் உலகின் சிறந்த இளம் வீராங்கனை என்ற சர்வதேச அங்கீகாரத்தைப் பெற்றார். அதே ஆண்டு இந்தியப் பெண்கள் அணி 15 பேர் ஆட்டத்தில் சிங்கப்பூரை வென்று, தன் முதல் வெற்றியைப் பதிவு செய்தது. ஒடிசாவும் பீகாரும் ஜிம்கானா கிளப் வைத்திருந்த ஊர்கள் இல்லை. ஓடத் தெரிந்த பிள்ளைகளும், பந்தைக் கையில் கொடுத்த ஆசிரியர்களும் இருந்த ஊர்கள்.

2025-ல் சென்னை புல்ஸ் ஜெயித்தது நல்ல செய்திதான். ஆனால், ஒரு அணியின் பெயரில் 'சென்னை' இருப்பதால் மட்டும் ரக்பி சென்னைக்கு வந்துவிடாது. உலகின் பெரிய வீரர்கள் வந்து ஆடிவிட்டுப் போவார்கள், அன்று கொழும்பில் கப்பல் நின்று கிளம்பியது போல. கப்பல் கிளம்பிய பிறகு கரையில் யார் ஆடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. இலங்கையில் அதற்குப் பதில் சொன்னது 1891-ல் ஒரு வாத்தியார் தொடங்கிய சின்னப் பள்ளி.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், கபடியில் தொடை தட்டிக் களம் இறங்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. மடக்கிப் பிடிக்கவும், பிடியிலிருந்து நழுவி ஓடவும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செவன்ஸ் ஆட்டத்துக்குப் புல் தரை, 7 பேர், ஒரு முட்டைப் பந்து போதும். கூடவே, பிளேஸ் மாதிரி ஒரு பி.இ.டி. சார் அல்லது டீச்சர்.

தேயிலைச் சரிவில் நின்று வேலிக்கு அந்தப் பக்கம் நடந்த ஆட்டத்தைப் பார்த்த தலைமுறையின் கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்திகள் இன்று இங்கே பள்ளிக்குப் போகிறார்கள். அவர்கள் பள்ளி மைதானத்தில் வேலி எதுவும் இல்லை. பந்து வர வேண்டியதுதான் பாக்கி!